மின்னஞ்சலின் பாரமும் அதற்கு விதிக்கும் வரம்பும்

தபாற் கந்தோரிலே பொதியொன்றை ஏற்குமுன் தராசில் இட்டு நிறுப்பர். விதித்த நிறைக்கு மேற்பட்டதாயின் கொண்டு வந்தவரிடம் அப்பொழுதே திருப்பிக் கொடுப்பர். மின்னஞ்சலுக்கும் இத்தகைய தராசு ஒன்று உண்டு. கொம்பனி ஒன்றின் அஞ்சல்களை ஏற்று உரியவரிடம் சேர்ப்பிக்கும் கணினியை வழங்கி என்பர். அவ்வழங்கியிலே ஓர் அஞ்சலின் பேரளவை எவ்வாறு விதித்தல் வேண்டும் என்பதை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம். கணினித் துறையிற் புகுந்த பழைய மாணவர்க்கும், புக விரும்பும் இளைஞர்க்கும், நாள்தோறும் அஞ்சல் விடுக்கும் ஏனையோர்க்கும் இது பயன்படும் என்பது எமது எண்ணம்.

வரம்பு வேண்டுவது ஏன்? வழங்கியின் சேமிப்பிடம் ஊழியர் அனைவர்க்கும் பொதுவானது. ஒருவர் பெரும் படத்தொகுதியொன்றைப் பலர்க்கு விடுப்பின் மற்றையோர் அஞ்சலுக்கு இடமின்றிப் போதலும் கூடும். தீயோர் வேண்டுமென்றே பேரஞ்சல்களைக் குவித்து வழங்கியைச் செயலறச் செய்தலும் உண்டு. அதற்காக வரம்பை மிகச் சுருக்குதலும் தகாது. கேள்விப்பத்திரம் ஏற்கும் இறுதி நாளன்று, கொம்பனியின் விலைமனு திரும்பி வருமாயின் நேரும் நட்டம் சிறிதன்று.

இனி, பலரும் அறியாத செய்தி ஒன்றைக் கூறுவாம். கோப்பின் அளவும் அஞ்சலின் அளவும் ஒன்றல்ல. 1982 ஆம் ஆண்டில் யொனதன் பொஸ்ரெல் வகுத்தெழுதிய அஞ்சல் விதிகள், ஆங்கில எழுத்துக்களையும் இலக்கங்களையும் சில குறியீடுகளையும் மட்டுமே கொண்டுசெல்ல அமைந்தவை. படங்களையும் பிறமொழி எழுத்துக்களையும் அவ்வழியே அனுப்புதற்கு, 1992 இல் நதானியேல் போரென்ஸ்ரைன், நெட் பிரீட் என்னும் இருவர் மைம் என்ற முறையை வெளியிட்டனர். அம்முறையிற் பெருவழக்காயுள்ள பேஸ்-64 என்னும் மாற்றத்தின்படி, கோப்பின் ஒவ்வொரு மூன்று பைற்றும் நான்கு எழுத்துக்களாகின்றன. 57 பைற்று 76 எழுத்துள்ள ஒரு வரியாகி, வரிமுடிவைக் குறிக்கும் இரண்டும் சேர 78 ஆகின்றது. எனவே இணைப்பு ஏறத்தாழ 37 வீதம் பெருத்துவிடுகின்றது. 20 மெகாபைற்றுக் கோப்பு, அதாவது 20,971,520 பைற்று, அஞ்சலிலே ஏறக்குறைய 28,700,000 பைற்று ஆகும்.

இக்கணக்கை அறியாது வரம்பு விதித்தலாலே பல தொல்லைகள் விளைகின்றன. போஸ்ற்பிக்ஸ் என்னும் வழங்கி மென்பொருளை உதாரணமாகக் கொள்வோம். இது வீற்சே வெனிமா என்பார் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் ஆக்கியது, 1998 இல் வெளிவந்தது. இதில் 'மெசேஜ் சைஸ் லிமிற்' என்னும் அமைப்பு, வேறு விதிக்காதவிடத்து, 10,240,000 பைற்றாக இருக்கும். பத்து மெகாபைற்றுக் கோப்பு செல்லும் என்று இலிகிதர் எண்ணுவர். உண்மையில் 7,480,000 பைற்றளவான கோப்பே அதனுட் செல்லும். ஆதலின் ஊழியர்க்கு 20 மெகாபைற்று என்று அறிவிக்க விரும்புவோர், வழங்கியிலே 30,000,000 என விதித்தல் வேண்டும்.

மற்றோர் அமைப்பு அஞ்சற்பெட்டியின் வரம்பு. அதன் இயல்பான அளவு 51,200,000 பைற்று. இது செய்தியின் வரம்பிலும் குறைதல் ஆகாது. செய்தியின் வரம்பை மாத்திரம் 60,000,000 ஆக்கிவிட்டு இதனை மறப்பின், வாயிலில் ஏற்ற அஞ்சல்கள் பெட்டியிற் சேராது வரிசையிலே தேங்கிக் கிடக்கும். அனுப்பியவரோ சேர்ந்ததென்று நம்பியிருப்பர்.

முறைப்படி மறுத்தல் எங்ஙனம் நிகழ்கின்றது என்பதும் அறியத்தக்கது. 1995 இல் திருத்தி வெளியிடப்பட்ட விதியொன்றின்படி, ஏற்கும் வழங்கி தன் வரம்பைத் தொடக்கத்திலேயே அறிவிக்கும்; அனுப்பும் வழங்கி அஞ்சலின் அளவைக் கூறும். அது மிகையாயின், உள்ளடக்கம் ஒரு வரியும் வருமுன்னரே 552 என்னும் மறுமொழி பிறக்கும். அனுப்பிய வழங்கி தன் பயனருக்கு அதனை அறிவிக்கும். அவரும் காலம் கடவாமல் வேறு வழி தேடிக்கொள்வார்.

அஞ்சல் பல வழங்கிகளைக் கடந்து வருவதாயின் அவற்றுள் மிகச் சிறிய வரம்பே அதனை ஆளும். வெளிவாயிலின் வரம்பு உள்வழங்கியினதிலும் பெரிதாயிருத்தல் கூடாது. பெரிதாயின், வெளிவாயில் ஏற்றதை உள்ளே மறுக்க, திருப்பும் அறிவித்தலை நாமே எழுத நேரும். பொய் முகவரியிலிருந்து வந்த அஞ்சலாயின் அவ்வறிவித்தல் யாதும் அறியாத பிறரொருவரைச் சென்று வருத்தும். வரம்பை அளவுகடந்து சிறிதாக்கினாலோ, திருப்பும் அறிவித்தலே அவ்வரம்பைத் தாண்டித் தொலைந்துபோதல் கூடும்.

நமது வரம்பை உயர்த்துவதால் எதிர்ப்பக்கத்தார் வரம்பு உயர்ந்துவிடாது. மிகப் பெரிய கோப்புக்களைப் பொதுச் சேமிப்பிடத்தில் வைத்து, அதன் முகவரியை மட்டும் அஞ்சலில் எழுதுதலே தக்கது. வழங்கியைப் பரிபாலிப்போர் வரம்பை விதித்தபின், வரம்புக்கு உட்பட்ட கோப்பொன்றும் மேற்பட்ட கோப்பொன்றும் வெளியிலிருந்து அனுப்பிச் சோதித்தல் வேண்டும். முன்னது பெட்டியிற் சேரவும், பின்னதற்கு மறுப்பு உடன் வரவும் கண்டபின்னரே, ஊழியர்க்கு அவ்வளவை எழுத்தில் அறிவித்தல் முறையாம்.