தொட்டி மண்ணும் ஒரு சமையல்தான்!

புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய வீதிகளுக்கு மணல் வாய்த்தது என்றால், லாஸ்பேட்டைக்கு வாய்த்தது செம்மண். விமான நிலையத்துப் பக்கம் ஒரு மழை பெய்து ஓயட்டும். தெருவோரம் ஓடும் தண்ணீர் குங்குமம் கரைத்த மாதிரி இருக்கும். வெள்ளைச் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்!

இப்படிப்பட்ட மண்ணை வாசலிலேயே வைத்துக்கொண்டு, மாடியில் ஒரு கத்தரிச் செடி வளர்க்க முடியவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் இந்தப் பேட்டையில் அநேகம். "ஆறு தொட்டி போட்டேன் தம்பி, ஆறும் செங்கல்லாப் போச்சு. தண்ணி ஊத்தினா மேலேயே குளம் மாதிரி நிக்குது. மண்ணு ராசி இல்லியோ என்னமோ!" என்றார் அங்கே ஒரு வீட்டு அம்மாள்.

மண்ணின் ராசியில் ஒரு குறையும் இல்லை. சமையலில்தான் கொஞ்சம் பக்குவம் தவறிவிட்டது. அரிசி உயர்ந்த ரகமாக இருந்தால் மட்டும் இட்லி பூவாக வந்துவிடுமா? உளுந்து என்ன அளவு, மாவு எப்படிப் பொங்கியது என்பதெல்லாம் இல்லையா? தொட்டி மண்ணும் அந்த ஜாதிதான்.

தரையில் ஒரு குணம், தொட்டியில் ஒரு குணம்

தரையில் மண்புழு துளை போடுகிறது. பழைய வேர்கள் மக்கிய இடமெல்லாம் வழியாகிறது. பெய்த மழை அந்த வழிகளில் இறங்கிப் போய்விடுகிறது. தொட்டியில் இந்த வேலையாட்கள் கிடையாது. தினம் தண்ணீர் ஊற்ற ஊற்ற, களிப்பாங்கான நுண்ணிய துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி அடைத்துக்கொள்கின்றன. காற்றுக்கு இடமில்லை. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு அவசியமோ அவ்வளவு காற்றும் அவசியம். வாடிய செடியைக் கண்டு நாம் பதறி, இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறோம். மூச்சு முட்டுகிறவனுக்குத் தண்ணீர் புகட்டுகிற கதைதான்!

இன்னொரு சங்கதி. பாத்திரம் கழுவும் பஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதை நெட்டுக்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடி தண்ணீர் சொட்டும்! பஞ்சு அதேதான், உயரம் கூடியதால் அடியில் தங்கிய தண்ணீர் இறங்கிவிட்டது. ஆழம் குறைந்த தொட்டி, படுத்த பஞ்சு மாதிரி. அதன் அடிப்பாகத்தில் ஈரம் தங்கிக்கொண்டே இருக்கும். வடிவதற்காக அடியில் ஜல்லியை அடுக்குவதால் பெரிய பிரயோஜனம் இல்லை. அந்தத் தண்ணீர்ப் படலம் ஜல்லிக்கு மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். துளையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லு போதும். மீதி உயரம் முழுவதும் நல்ல மண்ணுக்கே!

சீமையில் ஒரு பரீட்சை

ஒரு காலத்தில் இங்கிலாந்துத் தோட்டக்காரர்களும் இந்த விஷயத்தில் திண்டாடியவர்கள்தான். ஒவ்வொரு செடிக்கும் ஒரு கலவை. அந்த ரகசியம் தோட்டக்காரருக்கு மட்டுமே தெரியும். லண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில், ஆராய்ச்சிக்காக வளர்த்த நாற்றுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 1930-களில் வில்லியம் லாரன்ஸ், ஜான் நியூவெல் என்ற இருவர் உட்கார்ந்து பரீட்சைகள் செய்தார்கள். நூறு ரகசியங்கள் தேவையில்லை; விதைக்கு ஒரு கலவை, வளரும் செடிக்கு ஒரு கலவை, இரண்டே போதும் என்று கண்டார்கள். செடிக்கான கலவையில் மண் 7 பங்கு, பீட் என்னும் சதுப்பு நிலத்து மக்கு 3 பங்கு, மணல் 2 பங்கு. மண்ணை மட்டும் முதலில் சூடாக்கி, நோய்க்கிருமிகளைக் கொன்று, பிறகு கலப்பது. அளவான உரமும் சுண்ணாம்பும் தனி.

நமக்குப் பீட் ஏது? அதற்குப் பதிலாகத் தென்னை இருக்கிறது! கயிறு திரிக்க நாரைப் பிரித்தெடுத்த பிறகு உதிரும் தூள்தான் நார்க்கழிவு. ஒரு காலத்தில் சாலையோரம் மலையாகக் கொட்டிக் கிடந்த இந்தத் தூள், இன்று கட்டி கட்டியாகக் கப்பலேறி, பல தேசங்களில் பீட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கலவை

இனி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எடையில் அல்ல, படியிலோ வாளியிலோ அளந்தால் போதும்.

செம்மண் 1 பங்கு, கழுவிய நார்க்கழிவு 1 பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு. மண் கையில் ஒட்டுகிற களியாக இருந்தால் பருமணல் அரைப் பங்கு. ஒரு வாளிக் கலவைக்கு வேப்பம் புண்ணாக்கு ஒரு பிடி. எல்லாவற்றையும் கலந்து, லேசாக நீர் தெளித்து, நிழலில் இரண்டு வாரம் மூடி வைத்துவிட்டுப் பிறகு செடி நடுங்கள். புண்ணாக்கு மக்கும்போது சூடு கிளம்பும்; இளம் வேர் அதைத் தாங்காது.

பக்குவம் பார்ப்பது எப்படி? ஈரமான கலவையை ஒரு கை அள்ளிப் பிடியுங்கள். பிடி கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் உதிர வேண்டும். தட்டியும் உதிராவிட்டால் களி அதிகம். பிடிக்கவே வராவிட்டால் மணல் அதிகம்.

நார்க்கழிவில் ஒரு ஜாக்கிரதை. உப்பங்கழியில் ஊறிய மட்டையிலிருந்து வந்த தூளில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊற வைத்துப் பிழிந்துவிடுங்கள். வடியும் நீர் காபி டிக்காஷன் நிறத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம். நிறம் குறைந்து வரும். பச்சைத் தூள் எளிதில் மக்காது. சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து அதை மக்க வைக்கும் முறையைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வகுத்திருக்கிறார்கள். அப்படி மக்கிய தூள் கிடைத்தால் உத்தமம்.

அடுப்படியும் அக்கினி நட்சத்திரமும்

உரத்துக்குக் கடைக்குப் போவானேன்? காய்கறித் தோலும், காபிப் பொடிச் சக்கையும், வாடிய பூவும் வீட்டிலேயே இருக்கின்றன. பக்கவாட்டில் துளையிட்ட பழைய டிரம் ஒன்றில் ஒரு பங்கு பச்சைக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை வீதம் அடுக்கி, கொஞ்சம் புளித்த மோரைத் தெளித்து, வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக உதிரும். மழை பெய்த மண்ணின் வாசனை வரும். நாற்றமடித்தால் ஈரம் அதிகம். காய்ந்த இலையைச் சேருங்கள். உப்பும் எண்ணெயும் சேர்ந்த சமைத்த மிச்சத்தை மட்டும் போட வேண்டாம். உரம் தேறிவிட்டதா என்ற சந்தேகம் வந்தால் அதில் நாலு பச்சைப் பயறு ஊன்றிப் பாருங்கள். முளை கருகினால் இன்னும் பொறுக்க வேண்டும்.

பழைய தொட்டி மண்ணை எறிந்துவிடாதீர்கள். மே மாத வெயிலில் அதைச் சற்று நனைத்துப் பரப்பி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களை அழுத்தி, நாலு முதல் ஆறு வாரம் விட்டுவிடுங்கள். கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் மடியும். இஸ்ரேலில் யாகோவ் கத்தான் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 1976-ல் வெளியிட்ட முறை இது. அங்கே வெயில் இருந்தது. நம்மிடம் மட்டும் பஞ்சமா என்ன?

மாடி தாங்குமா?

இதை ஆண்களிடம் விட்டுவிடாமல் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈர மண் ஒரு லிட்டர் ஏறக்குறைய 1½ முதல் 2 கிலோ. ஒரு சதுர மீட்டர் மாடியில் ஓர் அடி உயரம் மண் கொட்டினால் சுமார் 500 கிலோ! ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு, தளத்தின் சொந்த எடை போக, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பாரம் என்று வைத்துத்தான் இந்தியத் தர நிர்ணயம் கணக்கிடுகிறது. ஆகவே தளத்தின் மேலேயே மண்ணைக் கொட்டிப் பாத்தி கட்டாதீர்கள். தொட்டிகளைச் சுவரும் உத்தரமும் இருக்கும் வரிசையில் வையுங்கள். மாடித் தொட்டிக்கு நார்க்கழிவைக் கூட்டி மண்ணைக் குறைப்பது செடிக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது. தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்தால் நீர் வடியும், தளமும் ஊறாது.

வடிகால் விஷயத்தில் அலட்சியம் கூடாது என்பதைப் புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை யார் மறப்பார்கள்? ஐப்பசி பிறக்கும் முன்பே ஒவ்வொரு தொட்டியின் துளையையும் ஒரு குச்சியால் குத்திப் பார்த்துவிடுங்கள்.

குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒதுக்கித் தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. ஒதுக்கப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது! அது தரை கழுவ ஆகட்டும்.

ஒரு செடி மட்டும் வேண்டாம்

கடைசியாக, கொஞ்சம் கசப்பான விஷயம். தொட்டி மண் தயாரிப்பது பற்றி வெளிநாட்டார் எழுதும் குறிப்புகளில் பல, கஞ்சாச் செடிக்காக எழுதப்பட்டவை. கனடாவில் 2018 அக்டோபர் முதல் பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கலாம். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயது வந்த ஒருவர் மூன்று செடி வளர்க்கலாம். அதைப் படித்துவிட்டு, 'ஒரே ஒரு தொட்டிதானே!' என்று நம் வீட்டுப் பிள்ளை நினைத்தால், அது அறியாமை. 1985-ஆம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டப்படி, உரிமம் இல்லாமல் கஞ்சாப் பயிரிட்டால் பத்து வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இத்தனை செடி வரை பரவாயில்லை என்ற சலுகை அதில் கிடையாது. இதுவரை ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றாத பிள்ளை திடீரென்று மாடியில் தோட்டம் போட்டால், ஒரு நடை ஏறிப் பாருங்கள். அதட்டுவதற்கு முன்னால் உட்கார்ந்து பேசுங்கள். சட்டம் இன்னதென்று முதலில் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வது, வெளியில் பட்டுத் தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் அவசரமும் கூடாது. விரல் விரித்தாற்போல் இலையும் ஓரத்தில் ரம்பப் பல்லும் தெரிந்த உடனே அடுத்த வீட்டுக்காரரைச் சந்தேகித்துவிடாதீர்கள். புளிச்சக் கீரைக்கும் இலை அப்படித்தான் இருக்கும்! கஞ்சாவைப் போன்றது என்ற பொருளில்தான் தாவர சாஸ்திரத்தில் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. புளிச்சைச் செடியின் பூ, வெண்டைப் பூவின் தங்கை மாதிரி, நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டோடு பெரிதாக மலரும். கஞ்சாவுக்கு அந்த அழகு கிடையாது.

அந்தப் புளிச்சைக்கும் கத்தரிக்கும் வெண்டைக்கும் நாம் மேலே சொன்ன ஒரே கலவை போதும். ஒரு பங்குக்கு ஒரு பங்கு, அதற்கு ஒரு பங்கு. லாஸ்பேட்டைச் செம்மண் இனி மாடியிலும் பேர் வாங்கட்டும். புளிச்சக் கீரைத் துவையலுக்கு எள்ளெண்ணெயை மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்!