தட்டித் திறக்கும் பெட்டி

ஏப்ரல் மாதக் காலை. அமெரிக்கப் புல்வெளி ஒன்றின் ஓரத்தில், கம்பத்தில் பொருத்திய மரப்பெட்டியைத் தன்னார்வலர் ஒருவர் விரலால் மெல்லத் தட்டுகிறார். அடைகாக்கும் தாய் உள்ளே இருந்தால் வெளியே பறந்துபோக அவகாசம் வேண்டுமல்லவா? பிறகு பக்கப் பலகையைத் திறக்கிறார். காய்ந்த புல்லால் பின்னிய கிண்ணத்தில் வெளிர்நீல முட்டைகள் ஐந்து. எண்ணிக் குறித்துக்கொண்டு உடனே மூடிவிடுகிறார்.

அவர் காவல் காப்பது நீலப்பறவையை. முதுகில் நீலம், மார்பில் செங்கல் நிறம். மரத்தைக் குடையும் அலகு இதற்கு இல்லை. மரங்கொத்தி விட்டுச்சென்றவை போன்ற பொந்துகளில்தான் குடியேறும். பட்ட மரங்களை வெட்ட வெட்டப் பொந்துகள் குறைந்தன. மிஞ்சியவற்றுக்கும் போட்டி வந்தது. 1850களில் புரூக்ளினில் சிட்டுக்குருவியையும், 1890இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் ஸ்டார்லிங் என்ற பறவையையும் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இரண்டும் பெருகின; நீலப்பறவை அருகியது.

இல்லினாய் மாநிலத்தின் குவின்சியில் 1934இல் தாமஸ் மஸ்ஸல்மன் சாலையோரமாக வரிசையாகப் பெட்டிகள் வைக்கத் தொடங்கினார். லாரன்ஸ் ஸெலனி 1978இல் நிறுவிய வட அமெரிக்க நீலப்பறவைச் சங்கம் அந்த வேலையை நாடெங்கும் பரப்பியது.

பெட்டியின் வாசல் ஒன்றரை அங்குல வட்டம். ஸ்டார்லிங்கால் அதில் நுழைய முடியாது, சிட்டுக்குருவியால் முடியும். நம் ஊரில் நாம் பெட்டி வைத்து வரவேற்கும் அதே குருவி, அங்கே அடைகாக்கும் நீலப்பறவையைக் கொத்திக் கொன்று, அந்த உடலின் மேலேயே கூடு கட்டுவதுண்டு. யாரும் எட்டிப் பார்க்காத பெட்டி நீலப்பறவைக்குப் பொறியாகிவிடும். அதனால்தான் வாரம் ஒருமுறை திறந்து பார்க்கிறார்கள். வைக்கோல், இறகு, குப்பை எல்லாம் திணித்த கூடும் புள்ளி விழுந்த முட்டைகளும் தெரிந்தால் அது சிட்டுக்குருவியின் வேலை. அயல் இனம் என்பதால் 1918ஆம் ஆண்டின் வலசைப்பறவைச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு தருவதில்லை, கூட்டை அகற்றிவிடலாம். பாம்பும் ரக்கூனும் ஏறாதபடி கம்பத்தைச் சுற்றித் தகரக் குழாய் மாட்டுகிறார்கள்.

முட்டை பொரிக்க ஏறத்தாழ இரண்டு வாரம். குஞ்சுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் ஆனபின் பெட்டியைத் திறப்பதில்லை. மிரண்டால், பறக்கத் தெரியாமலே வெளியே குதித்துவிடும். தூரத்தில் நின்று, தாயும் தந்தையும் புழுவோடு வந்துபோவதை மட்டும் பார்ப்பார்கள். எழுதிய குறிப்புகளைப் பலரும் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் ‘நெஸ்ட்வாட்ச்’ திட்டத்துக்கு அனுப்புகிறார்கள்.

குஞ்சுகள் பறந்திருக்கும் என்று தெரிந்தபின் மறுபடி தட்டுகிறார்கள். உள்ளே சத்தமில்லை. கிண்ணமாக இருந்த கூடு, குஞ்சுகள் மிதித்து மிதித்துத் தட்டையாகிக் கிடக்கிறது. அதை வழித்தெடுத்துப் பெட்டியைத் துடைத்து வைக்கிறார்கள். அதே ஜோடி இன்னொரு முறை முட்டையிட வரலாம்.