கிளவுஸைக் கழற்ற வேண்டிய நேரம்

1980 ஜனவரியில் குத்துச்சண்டை வீரர் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் ஒரு காட்சிப் போட்டி. எம்.ஜி.ஆருடன் அவர் நிற்கும் படத்தை வடசென்னைப் பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் எடுத்துக் காட்டுவார்கள். அப்போது அலி ஓய்வு அறிவித்துவிட்ட மனிதர், 38 வயது. அதோடு நின்றிருக்கலாம். அந்த ஆண்டு அக்டோபரிலேயே மறுபடி மேடையேறி லாரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடி வாங்கினார். பதினோராவது ரவுண்டுக்கு அனுப்பமாட்டேன் என்று தடுத்தது அவருடைய பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி. 1981 டிசம்பரில் இன்னொரு ஆட்டம், இன்னொரு தோல்வி. 1984இல் பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அடிதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அத்தனை அடியும் அந்த மூளைக்கு நல்லது செய்திருக்காது.

அவருக்கு யாரும் சொல்லாமலும் இல்லை. கூடவே இருந்த மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ 1977லேயே போதும் என்றார். யாரும் காது கொடுக்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். குத்துச்சண்டையில் ஓய்வு என்பது ஏன் இவ்வளவு சிக்கல் என்றால், அந்த முடிவை எடுக்க வேண்டிய உறுப்பே அடிபட்டுக்கொண்டிருக்கிறது. மறதி வந்தவனுக்குத் தன் மறதி தெரியாது.

திருநெல்வேலிப் பக்கம் வடசென்னை மாதிரி குத்துச்சண்டைப் பரம்பரைகள் கிடையாது. நமக்குச் சிலம்பமும் கபடியும்தான். ஆனால் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்த பிறகு கிளவுஸ் மாட்டிப் பார்க்கும் ஆசை எல்லா ஊரிலும் இருக்கிறது. பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரு பையன் அந்த ஆசையோடு வந்தால், நல்ல கிளவுஸ் வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தலையில் குத்து விழும்போது மண்டை ஓடு வெடுக்கென்று அசையும், உள்ளே மூளை செம்புக்குள் தயிர்போல அலம்பும். அதில் நரம்பிழைகள் இழுபடுகின்றன. நாக் அவுட் ஆனால்தான் சேதம் என்று நினைப்பது தவறு. விழாமல் வாங்கிக்கொண்ட சிறு குத்துகளும் வருடக்கணக்கில் சேர்கின்றன. அதில் பெரும்பங்கு போட்டியில் அல்ல, தினசரி ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சி மோதலில். பிரிட்டனில் 1969இல் ஏ.எச். ராபர்ட்ஸ் 224 முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களைச் சோதித்தபோது, ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு மூளைப் பாதிப்பின் அடையாளம் இருந்தது. அதிக வருடம், அதிக ஆட்டம் ஆடியவர்களுக்குப் பாதிப்பும் அதிகம். ஹெட்கார்டு போட்டால் போதும் என்பாரும் உண்டு. ஹெட்கார்டு முகத்தில் வெட்டுக்காயத்தைக் குறைக்கும். உள்ளே மூளை அலம்புவதைத் தடுக்காது.

எந்த வயதில் நிறுத்துவது? அமெச்சூர் குத்துச்சண்டையில் 40 வயதுக்கு மேல் ஆட முடியாது. மேரி கோம் போன்றவரையே அந்த விதி வெளியே நிறுத்தியது. ஆனால் 40 என்பது சங்கம் போட்ட கோடு, மூளை போட்டது அல்ல. பத்து வயதில் ஸ்பாரிங் தொடங்கியவனுக்கு 25 வயதே தாமதமாக இருக்கலாம். ஸ்கேனில் மூளைக்குள் ரத்தக்கசிவு தெரிந்துவிட்டால் ஆட்டம் அன்றோடு முடிந்தது. முன்னெல்லாம் தாங்கிய குத்துக்கு இப்போது தள்ளாடுகிறான், பேச்சு இழுக்கிறது, நடை மாறுகிறது, காரணமில்லாமல் கோபம் வருகிறது என்றாலும் அதே முடிவுதான். இதையெல்லாம் முதலில் கவனிப்பது மாஸ்டர் அல்ல, வீட்டில் இருக்கும் அம்மாவோ மனைவியோதான்.

நிறுத்தினால் பயன் உண்டா? உண்டு. அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் கிளினிக் 2011 முதல் சண்டை வீரர்களைத் தொடர்ந்து சோதித்துவருகிறது. ஓய்வு பெற்ற சிலருக்கு நினைவாற்றல் தேர்வுகளில் மதிப்பெண் கூடியதாகவும், ரத்தத்தில் நரம்புச் சேதத்தைக் காட்டும் ஒரு பொருளின் அளவு குறைந்ததாகவும் அவர்கள் கண்டார்கள். எல்லாச் சேதமும் திரும்பாது. அதனால்தான் சீக்கிரம் நிறுத்த வேண்டும்.

அடிபட்ட அன்று செய்ய வேண்டியது வேறு. "ஒண்ணுமில்லல, மூஞ்சியக் கழுவிட்டு வா" என்று சொல்லித் திரும்ப மேடையேற்றுவதுதான் ஆபத்து. முதல் அடி ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடி, அரிதாக என்றாலும், உயிரையே எடுத்துவிடும். 2022 ஆகஸ்டில் சென்னையில் நடந்த தேசிய கிக்பாக்சிங் போட்டியில் அருணாசலப் பிரதேச இளைஞர் ஒருவர் தலையில் அடிபட்டு, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் இறந்தார். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, ஒரு கண்மணி பெரிதாவது, தூங்கித் தூங்கி விழுவது, வலிப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழைத்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சி.டி. ஸ்கேன் சரியாக இருக்கிறது என்பதால் மறுநாள் பயிற்சிக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. மூளை அதிர்ச்சி ஸ்கேனில் தெரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை. தலையடியால் ஆட்டம் நின்றால் குறைந்தது 30 நாள் ஸ்பாரிங்கும் கூடாது என்பது சர்வதேச அமெச்சூர் விதி. நினைவு தப்பினால் அந்தத் தடை மாதக்கணக்கில் நீளும். பிறகும் மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் மேடை.

பயிற்சிக்கூடத்தில் சேரும்போது நீட்டும் ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு, 18 வயதுக்கு மேற்பட்டவர் ஒப்புக்கொண்டு ஏற்கும் விளையாட்டுக் காயத்தைக் குற்றமாகப் பார்ப்பதில்லை. ஆனால் மருத்துவர் இல்லாமல் போட்டி நடத்தியவரையும், மயங்கி விழுந்தவனை மறுபடி ஏற்றியவரையும் அந்தக் கையெழுத்து காப்பாற்றாது. அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் அதே சட்டத்தின் 106ஆம் பிரிவு இருக்கிறது, போலீசில் புகார் கொடுக்கலாம். கட்டணம் வாங்கிய பயிற்சிக்கூடத்தின் மேல் இரண்டு ஆண்டுக்குள் நெல்லை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு, ஆட்ட வீடியோ ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100 இலவச சட்ட உதவி எண். பின்னாளில் பார்க்கின்சன் வந்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை ஊனமாகவே ஏற்கிறது; அடையாள அட்டை கேட்டு விண்ணப்பிக்கலாம்.

பையன்கள் நிறுத்தாததற்குப் பெரும்பாலும் வீரம் காரணமில்லை. அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. இன்னும் ஒரு பதக்கம், இன்னும் ஒரு சான்றிதழ் கிடைத்தால் வேலை நிச்சயம் என்ற கணக்கில் தலைவலியை மறைக்கிறார்கள். அந்தக் கணக்கைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை இல்லாத ஊரில் அது நியாயமான கணக்கு. அதனால்தான் நிறுத்தும் முடிவைப் பையன் தலையில் கட்டக்கூடாது என்கிறேன். பதக்கத்தால் பெயர் வாங்கும் மாஸ்டர் கையிலும் விடக்கூடாது. அவனுடைய வெற்றியால் எந்த லாபமும் இல்லாத ஒரு நரம்பியல் மருத்துவரிடம் ஆண்டுக்கு ஒருமுறை காட்டி, நினைவாற்றல், பேச்சு, நடை மூன்றையும் பதிவு செய்து வையுங்கள். எத்தனை நாக் அவுட், எத்தனை வருடம் என்று சேரும் நாளிலேயே எல்லை எழுதி, பெற்றோரும் மாஸ்டரும் கையெழுத்துப் போடுங்கள். அந்த எல்லை வந்த அன்று, அவன் எவ்வளவு கெஞ்சினாலும், மேடையேற்றாதீர்கள்.