வெட்டிவேர்: பிடுங்குவதா, விட்டு வைப்பதா?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பெருமுக்கல் குன்றைக் கடந்து கிழக்கே போனால், கடைசியில் மணலும் உப்பளமுந்தான். ஐப்பசி மழையில் இப்பக்கத்து வரப்புகளும் வாய்க்கால் கரைகளும் கரைந்து போவது நமக்குப் புதிதன்று. அவற்றைப் பிடித்து நிறுத்த ஒரு புல் உதவும் என்றால் நம்புவீர்களா?

அந்தப் புல்லின் வேரை நீங்கள் அறிவீர்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெட்டிவேர்தான் அது. நம் தமிழ்ச் சொல்லே பிரெஞ்சு வழியாக ஐரோப்பிய மொழிகளிலும் புகுந்து வழங்குகிறது. நாணல்போல ஆள் உயரம் வளரும் பல்லாண்டுப் புல் இது. பல புற்களின் வேர் மேலாகப் படரும். இதன் வேரோ நேரே கீழே இறங்கும். நல்ல மண்ணில் 3 மீட்டர்கூடப் போகும்.

இவ்வேரின் இழுவிசை வலிமை சராசரியாகச் சதுர மில்லிமீட்டருக்கு 75 நியூட்டன் என்று அளந்திருக்கிறார்கள். மென் எஃகின் வலிமையில் இது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு! ஒரு சிறு கணக்குப் போடுவோம். 0.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள வேரின் குறுக்குப் பரப்பு சுமார் 0.38 சதுர மில்லிமீட்டர். அது தாங்கும் விசை ஏறக்குறைய 29 நியூட்டன். அதாவது 3 கிலோகிராம் எடை. தையல் நூல் பருமனுள்ள ஒரே வேர் இவ்வளவு தாங்கினால், தூர் முழுவதும் எவ்வளவு தாங்கும்!

தூர்களை நெருக்கி நட்டால் உயிர்வேலி உருவாகிறது. ஓடிவரும் நீர் இவ்வேலியில் வேகம் இழக்கிறது. வேகம் குறைந்த நீரால் மண்ணைச் சுமக்க இயலாது, அங்கேயே இறக்கிவிடுகிறது. மைசூர்ப் பக்கத்து உழவர்கள் இதை வயல் எல்லையில் நெடுங்காலமாக வளர்த்து வந்தனர். 1980களில் உலக வங்கியின் சார்பில் இந்தியாவில் பணியாற்றிய ஜான் கிரீன்ஃபீல்டும் ரிச்சர்ட் கிரிம்ஷாவும் இதன் பயனைப் பிற நாடுகளுக்கும் எடுத்துச் சொன்னார்கள்.

வளர்ப்பது எளிது. தென்னிந்திய வகையில் முளைக்கும் விதை உண்டாவதில்லை. ஆகவே களையாகப் பரவிவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். தூரைப் பிரித்து, இரண்டு மூன்று கிளைகள் கொண்ட நாற்றாக்கி, இலையை ஒரு சாண் அளவு விட்டு வெட்டுங்கள். மழை தொடங்கியதும் 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் சரிவுக்குக் குறுக்கே நட வேண்டும். நெடுக்காக நட்டால் பயனில்லை. நிழல் ஆகாது. அவ்வப்போது இலையைக் கத்தரித்தால் தூர் நன்றாகக் கட்டும். வெட்டிய இலை கூரை வேயவும் உதவும்.

உப்பைத் தாங்குமா? வேரூன்றிய தூர் ஓரளவு தாங்கும். ஆனால் இளநாற்றுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். மண்நீரில் உப்பு மிகுந்தால் சவ்வூடு பரவலின் விதிப்படி வேரால் நீரை இழுக்க முடியாது. ஈரம் இருந்தும் நாற்று வாடும். உப்பளப் பாத்திக்குள் நட்டுப் பார்க்க வேண்டாம்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். வேருக்குத்தான் விலை. கடலூர் மாவட்டக் கடலோர மணற்பாங்கில் இதைப் பணப்பயிராகவே வளர்க்கிறார்கள். மணலில் வேர் அறுபடாமல் வரும். அத்தரும் தட்டியும் விசிறியும் அதிலிருந்து கிடைப்பவை. (தட்டி குளிர்விப்பது நீர் ஆவியாவதால்தான். வறண்ட வடநாட்டுக் கோடையில், 42 டிகிரி வெப்பமும் 15 சதவீத ஈரப்பதமும் இருக்கையில், காற்றை 22 டிகிரி வரை தணிக்க வழியுண்டு. நம் கரையில் 36 டிகிரி, 60 சதவீதம் என்றால் 29 டிகிரிக்குக் கீழே இறங்காது. இங்கே மணம்தான் மிச்சம்!)

ஆனால் வேரை எடுக்க மண்ணைத் தோண்ட வேண்டுமே! மண்ணைக் காக்கும் வேரும் காசு தரும் வேரும் ஒரே தூரில் இருக்க முடியாது. எனவே, கரையிலும் சரிவிலும் நட்ட தூரை ஒருபோதும் தோண்டாதீர்கள். விற்பனைக்கு வேண்டியதைச் சமதளத்தில் தனிப் பாத்தியில், சற்று அகல இடைவெளி விட்டு வளர்க்கலாம். ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டில் வேர் முற்றும். மழைக்காலம் கழிந்த பிறகே அதைத் தோண்டுங்கள். எடுத்த தூரிலிருந்தே அடுத்த நாற்றைப் பிரித்துக்கொள்ளலாம்.