பொத்தான் (வரைகலைப் பயனர் இடைமுகம்)

பொத்தான் என்பது கணினிச் சாளரத்தில், சொடுக்கியதும் ஒரு செயலைத் தொடங்கி வைக்கும் உறுப்பு ஆகும். பொத்தானை வரைந்தால் மட்டும் போதாது. அதனுடன் ஒரு செயற்கூற்றை இணைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் கற்பிக்கப்படும் பைத்தான் மொழியில், டிகேஇன்டர் நிரலகத்தைக் கொண்டு பொத்தான் அமைக்கலாம். பொத்தானின் 'கமாண்ட்' பண்பில் செயற்கூற்றின் பெயரைத் தர வேண்டும். எடுத்துக்காட்டாக, மதிப்பெண்களைக் கோப்பில் எழுதும் செயற்கூற்றின் பெயர் 'சேமி' எனில், அடைப்புக்குறி இன்றி 'சேமி' என்றே எழுத வேண்டும்.

'சேமி()' என்று எழுதினால், 'இப்போதே இயக்கு' என்று பொருள். பொத்தான் உருவாகும்போதே செயற்கூறு ஒருமுறை இயங்கி முடிந்துவிடும். பிறகு எத்தனை முறை சொடுக்கினாலும் எதுவும் நடக்காது, பிழைச்செய்தியும் வராது. சேமித்துவிட்டதாக நம்பிச் சாளரத்தை மூடுபவர், உள்ளிட்ட மதிப்பெண்கள் அனைத்தையும் இழப்பார். எனவே, சேமித்ததும் 'சேமிக்கப்பட்டது' என்று சாளரத்தில் காட்டுமாறு நிரல் எழுதுவது நல்லது.