வலிக்கு முன்னே வந்த கிருமி

ஏழாம் மாதத்தில் வலி வந்துவிட்டால் வீட்டில் முதலில் நடப்பது விசாரணைதான். பப்பாளி சாப்பிட்டாளா, குடம் தூக்கினாளா, பஸ்ஸில் போனாளா? பழி முழுக்கக் கர்ப்பிணியின் தலையில். ஆனால் 37 வாரம் நிறையும் முன் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றின் பனிக்குட நீரில் கிருமி குடியேறியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பெரும்பாலும் தாய்க்குக் காய்ச்சல்கூட இருக்காது.

பிறப்புறுப்பில் இருக்கும் கிருமிகள் கருப்பைவாய் வழியே மேலேறி, பனிக்குடச் சவ்வைத் தாண்டுகின்றன. அடிக்கடி சிக்குவது யூரியாபிளாஸ்மா என்ற பாக்டீரியா. இதற்குச் செல்சுவரே கிடையாது. அதனால் செல்சுவரைக் குறிவைக்கும் பெனிசிலின் இதனிடம் எடுபடாது. வழக்கமான கிராம் சாயப் பரிசோதனையிலும் இது கண்ணில் படாது. வாயில் வாழும் ஃபியூசோபாக்டீரியம்கூடச் சிலரின் பனிக்குட நீரில் கிடைத்திருக்கிறது.

வலியைக் கிளப்புவது கிருமியைக் கண்டு உடல் மூட்டும் அழற்சி. அழற்சியின் சேதி சொல்லும் இன்டர்லூக்கின்கள் பெருக, கருப்பையைச் சுருங்கவைக்கும் புராஸ்டகிளாண்டின் கூடுகிறது. கருப்பை இறுகி இறுகி விடுகிறது, கருப்பைவாய் இளகுகிறது. நொதிகள் சவ்வின் கொலாஜனை அரிக்க, பனிக்குடம் உடைகிறது. சிசு விழுங்குவதும் கிருமி ஏறிய அந்தப் பனிக்குட நீரைத்தான். அழற்சி அதற்கும் பரவினால் மூளையும் நுரையீரலும் பாதிக்கப்படலாம்.

ஆன்டிபயாடிக் போட்டால் தீர்ந்ததே என்று யாருக்கும் தோன்றும். பிரிட்டனில் இருந்து நடத்தப்பட்ட ஆரக்கிள் ஆய்வு அதைத்தான் சோதித்தது. பனிக்குடம் உடையாமல் வலி மட்டும் வந்த 6,000க்கும் மேற்பட்ட பெண்கள்; 2001இல் முடிவு வந்தது. மருந்தால் பலனில்லை. பிள்ளைகளுக்கு ஏழு வயதானபோது மறுபடி விசாரித்தார்கள். ஆய்வில் கொடுத்த எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்துக்கொண்ட தாய்மாரின் பிள்ளைகளில் 3.3 சதவீதத்தினருக்குப் பெருமூளை வாதம், எடுக்காதவர்களின் பிள்ளைகளில் 1.7. அழற்சி அடங்காத கருப்பையில் சிசுவைக் கூடுதல் நாள் இருத்தியதன் விளைவோ என்ற சந்தேகம் எழுந்தது.

இதனால்தான் பனிக்குடம் உடையாமல், தொற்றின் அறிகுறியும் இல்லாமல் வலி மட்டும் வந்தால் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "மருந்தே எழுதலையே" என்று டாக்டரிடம் சண்டை பிடிக்கத் தேவையில்லை. அந்த நேரத்தில் சிசுவின் நுரையீரல் முதிரப் போடும் ஸ்டீராய்டு ஊசிதான் உயிர் காக்கும். குறைமாதத்திலேயே பனிக்குடம் உடைந்திருந்தால் கணக்கு வேறு: எரித்ரோமைசின் பிரசவத்தைச் சில நாள் தள்ளிப்போட உதவும். காய்ச்சலும், கசியும் நீரில் நாற்றமும் சேர்ந்தால் தள்ளிப்போடும் பேச்சே இல்லை. ஆன்டிபயாடிக்கை ஏற்றிக்கொண்டே பிரசவத்தை முடிப்பார்கள்.