நம் பழைய தலைநகர்
(இரு உலகப் போர்களுக்கு இடையே திருவனந்தபுரம்)



இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட தலைநகர் என்றதும் பெர்லினும் வியன்னாவும் நம் நினைவுக்கு வருகின்றன. 1918-ல் ஐந்து கோடி மக்களின் பேரரசு சிதறி, 65 லட்சம் பேர் வாழும் சிறு குடியரசின் தலையாக வியன்னா மிஞ்சியது. உடலுக்குப் பொருந்தாத பெருந்தலை! அதே ஆண்டுகளில் நாஞ்சில் நாட்டாருக்கும் ஒரு தலைநகர் இருந்தது. அதைப் பற்றி நாம் படிப்பது குறைவு. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. வழக்கானாலும் மனுவானாலும் முடிவு திருவனந்தபுரத்தில்தான். நம் வயல்களின் நெல் அரிசியாகிச் சாலைக் கம்போளத்துக்குப் போயிற்று.

அந்நகர் அக்காலத்தில் வேகமாக மாறியது. 1918-ல் கொல்லத்திலிருந்து ரயில் வந்தது; 1931-ல் தம்பானூர் வரை நீண்டது. 1929-ல் மின்விளக்கு எரிந்தது. 1937-ல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தப் பல்கலைக்கழகம் தோன்றிய நாளில் என் பூட்டனார் வயலில் ஏர் பிடித்திருப்பார்.

ஆனால் விளக்கையும் ரயிலையும்விட அங்கே பிறந்த சட்டங்களே நம் வீடுகளுக்குள் நுழைந்தன. நாஞ்சில் நாட்டு வேளாளரில் பெரும்பாலோர் மருமக்கள் வழியினர். தகப்பன் தேடிய சொத்து மகனுக்குச் சேராது. சகோதரியின் மகனுக்குப் போகும். கட்டிய மனைவியும் பெற்ற பிள்ளைகளும் ‘உகந்துடைமை’ என்ற சிறு பங்கோடு ஒதுங்க வேண்டும். இந்தக் கொடுமையைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘மருமக்கள்வழி மான்மிய’த்தில் நகைச்சுவையாகப் பாடினார். சிரித்துக்கொண்டே படித்தாலும் நெஞ்சு கனக்கும். அவர் அதே திருவனந்தபுரத்தில் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. பாகப்பிரிவினைக்கு வழி பிறந்தது, மக்களுக்கும் உரிமை கிடைத்தது. ஒரு பாட்டு மட்டுமே சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டேன். ஊரின் மனத்தை அது பக்குவப்படுத்தியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இன்னொன்று தெருவைப் பற்றியது. வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் எல்லாச் சாதியாரும் நடக்கலாமா என்ற தீர்மானம் 1925 பிப்ரவரியில் தலைநகரின் சட்டசபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒரே ஒரு வாக்கு! ஆயிரக்கணக்கானோர் நடக்கும் உரிமை ஒருவர் கையுயர்த்தியதில் தோற்றது. அடுத்த ஆண்டே சுசீந்திரத்தில் டாக்டர் எம்.இ. நாயுடு போன்றோர் முன்னின்று சத்தியாக்கிரகம் நடத்தினர். 1930-ல் அது மீண்டும் எழுந்தது. 1936 நவம்பர் 12-ல் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். தெருவுக்கே மறுக்கப்பட்டவர்கள் தாணுமாலயன் சந்நிதியில் நின்றார்கள். பிரகடனத்தில் இருப்பது மன்னரின் கையொப்பம்தான். அதற்கு விலை கொடுத்தவர்கள் தெருவில் அடிபட்டவர்கள்.

வழித்தடம் மட்டும் நெடுநாள் காளைவண்டிக்கும் தனியார் பேருந்துக்குமே விடப்பட்டிருந்தது. 1938 பிப்ரவரி 20-ல் அரசுப் போக்குவரத்து தொடங்கிற்று. முதலில் ஓடிய தடங்களில் திருவனந்தபுரம்–நாகர்கோவில் ஒன்று. ரயில் நாகர்கோவிலுக்கு 1979-ல்தான் வந்தது. அதற்குள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

– இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர்